ரஸல் வாசிக்காத பாட்டு

ஒலிபெருக்கியில் கேட்டது ரஸலுடைய பெண்டாட்டி லொரைனின் குரல். சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியவனுக்கு அதுகூடத் தெரியாதா?

“சரி, மகாராணிகளா,” என்றது குரல். மூக்கை ஒரு தரம் உறிஞ்சியது. “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.” உடனே டிரம்ஸ் இறங்கியது.

ரஸல் கையில் பிடித்திருந்த பிஸ்கட் ஊறி, ஒடிந்து, தேநீருக்குள் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

லீட்ஸ் நகரத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் அது. ‘டேம்ப் கோட்ஸ்’, அதாவது ‘ஈரக் கோட்டுகள்’, என்ற ராக் குழுவின் முதல் இசைத்தட்டு வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டதாம். அதைத் துடைத்து, மெருகு போட்டு, மறுபடி விற்கப் போகிறார்கள். ஒரே சரக்கை ஒரே ஆளுக்கு இரண்டு தரம் விற்பதில் லண்டன் கம்பெனிக்காரனை மிஞ்ச முடியாது. பழைய ஒலிநாடாக்களில் பசை கிளம்பியிருந்தது. அதனால் அவற்றை அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்து எடுத்து, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பிரித்து ஓடவிட்டுக்கொண்டிருந்தாள் ஃப்ரேயா. அவள்தான் அந்தக் கூடத்தின் ஒலிப்பதிவாளர். டிரம்ஸ்காரன் ரஸலும் பாடகன் ஏட்ரியனும் அவளுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடிக்கொண்டிருந்தது ‘வற்று நேரம்’. டேம்ப் கோட்ஸ் என்றால் அந்தப் பாட்டு. அந்தப் பாட்டென்றால் அதன் டிரம்ஸ். அவர்கள் ஊரான ஹல் துறைமுகத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் மேசையில் அதைத்தான் தட்டுவார்கள். இருபத்தைந்து வருஷமாக அதை வாசித்தவன் ரஸல் என்றுதான் உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. ரஸலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

“யாரு அந்தப் பொண்ணு?” என்றாள் ஃப்ரேயா, திரும்பாமலே. “தட்டுல இந்தக் குரல் இல்லையே. வெட்டிட்டீங்களா? செம்மையா இருக்கு.”

ரஸல் ஏட்ரியனைப் பார்த்தான். ஏட்ரியன் முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடந்தது.  குரல் எப்படியோ நாடாவில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவன் ஏன் வெளுக்கிறான்?

“நிறுத்தும்மா அதை,” என்றான் ஏட்ரியன்.

“ஓடட்டும்,” என்றான் ரஸல்.

ஓடியது. இதற்குள் ரஸலின் காது வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது. இடது கை விழும் விதம், தாளத்தட்டில் குச்சியின் நுனி படுகிற இடம், மிதிக்கிற கால். எதுவுமே அவனுடையது இல்லை. எல்லா வாத்தியமும் சேர்ந்து வரும்போது தெரியாது. தனியே உரித்து வைத்தால் ஒருத்தன் நடையை இருட்டில் அடையாளம் கண்டுபிடிப்பது போலத்தான். ஒரு டிரம்ஸ்காரனுக்குத் தன் காலடி தெரியாமல் போகுமா?

பிறகு அந்த இடம் வந்தது.

மூன்றாம் சரணம் முடிந்ததும் டிரம்ஸ் திடீரென்று நின்றுபோகும். ஒரு மூச்சு நேரம் வெறும் நிசப்தம். அப்புறம் இடி மாதிரி மறுபடி விழும். அந்த இடைவெளிதான் பாட்டின் உயிர் என்று எழுதாத பத்திரிகை இல்லை. கச்சேரியில் அந்த இடத்தில் அரங்கம் முழுக்கக் கையைத் தூக்கி “ஓய்!” என்று கத்தும். எத்தனையோ பேட்டியில் ரஸலைக் கேட்டிருக்கிறார்கள். அவனும் சொல்லியிருக்கிறான்: “எங்க ஊர் ஹம்பர் ஆத்துல தண்ணி வத்தி, திரும்ப ஏறுறதுக்கு முன்னாடி ஒரு கணம் அசையாம நிக்கும். அதைத்தான் வாசிச்சேன்.”

ஃப்ரேயாவின் ஒலிபெருக்கியில் அந்த இடத்தில் நிசப்தம் இல்லை. ‘டொக்’ என்று ஒரு குச்சி தரையில் விழுந்து உருண்டது. “அட சனியனே!” என்றது லொரைனின் குரல். நாற்காலி கிறீச்சிட்டது. குச்சியைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள். இடி.

ஃப்ரேயா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள், சோபாவில் இருந்த இரண்டு முகங்களையும் பார்த்து, “நான் போய் பால் வாங்கிட்டு வரேன்,” என்று எழுந்து போனாள். குளிர்பெட்டியில் பால் இருந்தது.

“டேய்,” என்றான் ரஸல்.  “என்னடா இது?”

ஏட்ரியன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: “டங்கன் உன்கிட்ட சொல்லலையா?”

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

நடந்தது இதுதான். தொண்ணூற்று நாலில் வேல்ஸ் மலைப்பக்கம் ஒரு பண்ணை வீட்டில் தங்கி அந்தத் தட்டைப் பதிவு செய்தார்கள். ரஸலுக்கு விஷக்காய்ச்சல். நடுக்கத்தோடு உட்கார்ந்து ‘வற்று நேர’த்தை வாசித்தான். வாசித்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, எப்படி வாசித்தான் என்பது இல்லை. அதற்கப்புறம் கம்பளிக்குள் இரண்டு நாள், பிறகு யாரோ அவனைக் காரில் போட்டு ஹல்லுக்கு அனுப்பிவைத்தது, அவ்வளவுதான். அவன் வாசித்ததைக் கேட்ட தயாரிப்பாளர், “இது டிரம்ஸ் இல்ல, படியில உருண்டு விழுற அலமாரி,” என்று ஒதுக்கிவிட்டார். அந்த வாரம் அதே பண்ணை வீட்டில் தங்கியிருந்த பெண்கள் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசித்தவள் லொரைன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள், ஒரே மூச்சில் வாசித்தாள், எழுந்து சாப்பிடப் போனாள். குச்சி விழுந்த இடத்தை மட்டும் தயாரிப்பாளர் ஒலியைக் கீழே இறக்கி மூடிவிட்டார். அட்டையில் பையன்கள் படமும் பெயரும் அச்சாகிவிட்டது என்று கம்பெனி சொன்னது. ரஸல் பெயரே நின்றது.

ஏட்ரியன் கைபேசியில் டங்கனைக் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தான். டங்கன் குழுவில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். மற்ற நாளில் ஹல்லில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கிறான். பின்னால் எண்ணெய் கொதிக்கும் சத்தம் கேட்டது.

“ரஸ்ஸுக்குத் தெரிஞ்சுபோச்சுடா,” என்றான் ஏட்ரியன்.

“என்ன தெரிஞ்சுபோச்சு?”

“வற்று நேரம்.”

எண்ணெய் மட்டும் பேசியது. பிறகு டங்கன், “ஏன், அவனுக்கு அதுக்கு முன்னாடி தெரியாதா?” என்றான்.

“நீதானேடா சொல்றேன்னு சொன்ன!”

“சொல்லத்தான் போனேன்! ரஸ், நீ கேட்டுக்கிட்டு இருக்கியா மச்சான்? உன்னைப் பப்புக்குக் கூட்டிட்டுப் போனேனே, உனக்கு ஞாபகம் இருக்கா? அன்னிக்குன்னு பார்த்து நம்ம டீம் தோத்துப்போச்சு. உன் மூஞ்சியைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு. சரி, அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு...”

“அடுத்த வாரம்?”

“அடுத்த வாரம் தட்டு வெளிய வந்துருச்சு. அப்புறம் டிவியில வந்துட்டோம். அப்புறம் நீ அவளையே கட்டிக்கிட்ட. இனிமே வீட்டு விஷயம், அவளே சொல்லிக்குவான்னு விட்டுட்டேன். ரெண்டு மீன் குடுங்கன்னு ஒருத்தர் நிக்கறார், வைக்கட்டுமா?”

வைத்துவிட்டான்.

இந்த ஆண்களை என்ன சொல்வது! பன்னிரண்டு வருஷம் ஒரே வண்டியில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர்கள். ஒருத்தன் காலுறை நாற்றம் இன்னொருத்தனுக்குத் தெரியும். எவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறட்டை விடுவான் என்று தெரியும். ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பேச்சு ஒன்று வந்துவிட்டால் கெட்டிலைப் போட்டுத் தேநீர் கொதிக்க வைப்பார்கள், இல்லையென்றால் கால்பந்து பேசுவார்கள். டயர்க் கடை மாடியில் ஒழுகுகிற அறையில் பழகி, கோட்டு காயவே காயாமல், அதையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டவர்கள். முதல் தட்டில் உச்சிக்குப் போனார்கள். இரண்டாவது தட்டை வாங்க ஆளில்லை. அமெரிக்காவில் ஊர் ஊராக வாசித்தார்கள்; பல கூடங்களில் அங்கே வேலை பார்த்தவர்கள் மட்டும்தான் கேட்டார்கள். மூன்றாவது தட்டுக்குப் பிறகு கம்பெனி கைகழுவியது. குழு கலைந்த விஷயமே ரஸலுக்கு ஒரு பத்திரிகையைப் படித்துத்தான் தெரியும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து ஒரு காப்பீட்டு விளம்பரத்தில் ‘வற்று நேரம்’ வந்து மறுபடி ஜனங்களுக்கு ஞாபகம் வந்ததும், அதே மாதிரி யாரும் எதுவும் பேசாமல் ஒன்று கூடினார்கள். அப்படிப்பட்டவர்கள் இதை மட்டும் சொல்லிவிடுவார்களா?

“லொரைன்கிட்ட என்னடா சொன்ன?” என்றான் ரஸல். “அவ ஏன் எனக்குச் சொல்லல?”

ஏட்ரியன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். “அதை அவகிட்டயே கேளு,” என்றான். ரஸல் அந்த நிமிஷமே அவன் மூக்கை உடைத்திருக்கலாம். உடைக்காமல் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ரஸல் ஹல்லிலிருந்த வீட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். அவன் வேலையே வண்டி ஓட்டுவதுதான். குழு இல்லாத நாளில் பேரங்காடிச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். வாங்குகிறவர்களில் வயசான சிலர் கதவைத் திறந்ததும், “ஏம்ப்பா, நீதானே அது?” என்பார்கள். “நான்தான்,” என்று முட்டைப் பெட்டியை நீட்டுவான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவன் மழையிலும் பனியிலும் படியேறிக்கொண்டிருந்தான். நான்தான். இனிமேல் கதவைத் திறக்கிறவனுக்கு என்ன சொல்வது?

லொரைன் பள்ளிக்கூடச் சமையல்கட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. மேசையில் உருளைக்கிழங்கு வறுவலும், பொரித்த மசியல் வடையும், மேலே சிவப்பு மசாலாத் தூளும். பிள்ளைகள் இரண்டும் வேலைக்கு வெளியூர் போய்விட்டபின் அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு.

“நாடாவை ஓட்டிக் கேட்டோம்,” என்றான் ரஸல், வாசலிலேயே நின்று.

“அடுப்புல வெச்சது கருகாம வந்துச்சா?”

“உன் குரல் இருந்துச்சு.”

லொரைன் சிரித்தாள். எந்தக் கள்ளமும் இல்லாத சிரிப்பு. அதுதான் ரஸலை உலுக்கிவிட்டது. “அதை அழிக்கலையா அவங்க? அடக் கடவுளே! நான் திட்டினதுகூடவா இருந்துச்சு?”

“குச்சி விழுந்ததும் இருந்துச்சு.”

“நல்லா கேட்டுக்கோ. ஹம்பர் ஆத்துத் தண்ணி நிக்குற சத்தம்.” அதை அவள் குத்தலாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வறுவலை வாயில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். மெல்வது நின்றது.

“என்ன ஆச்சு ரஸ்? உனக்கு என்ன?”

“லொரைன், எனக்குத் தெரியாது.”

“என்ன தெரியாது?”

“வாசிச்சது நீன்னு எனக்குத் தெரியாது. இன்னிக்குப் பதினோரு மணி வரைக்கும் எனக்குத் தெரியாது.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சமையல்கட்டில் பொய் சொல்கிற பையனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. கொஞ்சம் கொஞ்சமாக அது மாறியது. கை தானாகப் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது.

“ஏட்ரியன் உன்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னானே,” என்றாள். “அந்த வாரமே சொன்னான். ‘ரஸ்கிட்ட பேசிட்டேன், அவனுக்கு ரொம்ப அவமானமா இருக்கு, இதைப் பத்தி எப்பவும் பேசிடாத, உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்னு சொல்லச் சொன்னான்’னு என்கிட்ட சொன்னான்.”

“நான் எதுவும் சொல்லச் சொல்லல.”

“நான் அதனாலதான்...” அவள் உட்கார்ந்துவிட்டாள். “ரஸ், நான் அதனாலதான் வாயைத் திறக்கல. சரி, பாவம், ஆம்பளை, வெட்கப்படறான், போகட்டும்னு விட்டேன். அப்புறம் நாம பழக ஆரம்பிச்சோம். இவனா வந்து ஒரு நாள் சொல்லுவான், ‘நன்றி லொரைன்’னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பார்த்தேன். நீ டிவியில உக்காந்துக்கிட்டு ஆறு, தண்ணி, வத்தம்னு அளந்துக்கிட்டு இருந்த.”

ரஸலுக்குப் புரிந்தது. அந்தப் பேட்டி ஒளிபரப்பானபோதெல்லாம் அவள் எழுந்து போய்த் தேநீர் போட்டதன் காரணம் புரிந்தது. தேளைத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தது போல உடம்பு சில்லிட்டது. வாசித்தவன் தான் இல்லை என்பது ஒரு அடி. அது பரவாயில்லை, ஆள் செத்துப்போகமாட்டான். இது வேறு அடி.

“அப்போ இத்தனை வருஷமா,” என்றான், “என்னைத் திருடன்னு நெனச்சுக்கிட்டா என்கூட இருந்த?”

அவள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். லொரைன் அப்படிப்பட்டவள் இல்லை.

“ஆமா,” என்றாள். “மத்ததுல எல்லாம் நீ நல்லவன். இதுல மட்டும் திருடன். எல்லாப் புருஷனுக்கும் ஏதாவது ஒண்ணு இருக்கும், இவனுக்கு இதுன்னு வெச்சுக்கிட்டேன்.”

“தெரியாம பண்ணேன்னு இப்போ நம்பறியா?”

“நம்பறேன்னு வாயால சொல்லிடலாம். இருபத்தஞ்சு வருஷம் உள்ள ஊறினது ஒரு சாயங்காலத்துல போயிடுமா? எனக்கே தெரியல ரஸ். என்னை எதுவும் கேக்காத.”

வறுவல் ஆறிப்போனது. மசாலாத் தூள் எண்ணெயில் ஊறிக் கறுத்தது.

எழுந்து போய் எங்காவது தனியாக உட்காரலாமென்று ரஸல் கார்க் கொட்டகைக்குப் போனான். அங்கேதான் அவன் டிரம்ஸ் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தான். முழங்கால் மேலே எழும்பியது. ஸ்டூல் தாழ்ந்திருந்தது. எப்போதும் அப்படித்தான், ஒவ்வொரு தடவையும் திருகி உயர்த்திக்கொண்டே, தன் பையன்களைத் திட்டுவான். பையன்கள் ஊரைவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

அவன் எழுந்து அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஹில்டாவைக் கேட்டான். “ஹில்டா, நான் வேலைக்குப் போனப்புறம் இங்க டிரம்ஸ் சத்தம் கேக்குமா?”

“கேக்கும்பா. செவ்வாயும் வியாழனும்.” ஹில்டா துணிக்கவ்வியை வாயிலிருந்து எடுத்தாள். “நீ வாசிக்கறதைவிட நல்லா இருக்கும். தப்பா எடுத்துக்காத.”

அடுத்த சனிக்கிழமை ஹல் நகர மண்டபத்தில் வெள்ளிவிழாக் கச்சேரி. சொந்த ஊர். சீட்டு அத்தனையும் விற்றுப்போய்விட்டது. அந்த வாரம் முழுக்க ரஸல் மூத்த மகனின் கட்டிலில் படுத்தான். லொரைன் சாப்பாடு போட்டாள், மழை வருமா என்று கேட்டாள், அதற்குமேல் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை அவன், “நீ வந்து அந்த ஒரு பாட்டை வாசி,” என்று கேட்டான்.

“எனக்கு வேண்டாம். உன் மனசாட்சிக்கு என்னைப் பேயோட்டச் சொல்லாத.”

“அப்போ நான் என்ன பண்ணணும்?”

“அது உனக்கே தெரியணும். நான் சொல்லி நீ பண்ணா அதுவும் நான் வாசிச்சதாத்தானே ஆகும்?”

 அந்தப் பேச்சு முள் மாதிரி உள்ளே போய்த் தங்கிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மேடையில் ஒலி சரிபார்க்கும்போது ரஸல் ஏட்ரியனிடம், “இன்னிக்கு ‘வற்று நேர’த்துக்கு முன்னாடி நான் மைக்ல பேசப்போறேன்,” என்றான்.

“டிரம்மர் பேசினா ஜனங்க மூத்திரம் போயிடுவாங்கடா,” என்று சிரிக்கப் பார்த்தான் ஏட்ரியன். ரஸல் சிரிக்கவில்லை. ஏட்ரியன் குரல் இறங்கியது. “ரஸ், அவகிட்ட பொய் சொன்னது தப்புத்தான். உன்கிட்ட சொல்லத் தைரியம் வரல. அவ தினமும் ‘சொல்லிட்டியா, சொல்லிட்டியா’ன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. ஒரு நாள் வாய் தவறி ஆமான்னுட்டேன். அப்புறம் அதை எப்படித் திரும்ப வாங்கறது?”

“வாங்க வேண்டாம். நான் வாங்கிக்கறேன்.”

“தட்டு புதன்கிழமைதான் வருது. கம்பெனிக்காரன் முன்வரிசையில உக்காந்திருப்பான்.”

“அவன் காதும் நல்லா கேக்கட்டும்.”

கச்சேரி நன்றாகவே போனது. நாற்பது ஐம்பது வயசு ஆண்கள், தொப்பையில் பிதுங்குகிற பழைய பனியன்களோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில், லொரைன் கோட்டுகூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கடைசிப் பாட்டு. விளக்கு நீலமாக இறங்கியது. என்ன வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ரஸல் எழுந்து, ஏட்ரியனைத் தோளால் ஒதுக்கி, மைக்கின் முன்னால் போய் நின்றான். வாழ்நாளில் மேடை மைக்கில் பேசினவன் இல்லை. அது கீச்சென்று கத்தியது.

“இந்தப் பாட்டுல டிரம்ஸ் வாசிச்சது நான் இல்ல,” என்றான்.

மண்டபம் சிரித்தது.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்குக் காய்ச்சல். என் பொண்டாட்டி வாசிச்சா. நடுவுல நிக்குதே, அது ஆறும் இல்ல, குளமும் இல்ல. குச்சி கைநழுவிக் கீழ விழுந்துருச்சு.”

சிரிப்பில் மண்டபத்துக் கூரை அதிர்ந்தது. யாரோ, “என் பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்றா!” என்று கத்தினான். கைதட்டல். ரஸலுக்குக் காது அடைத்துப்போனது. பொய்யை இருபத்தைந்து வருஷம் வேதவாக்காக வாங்கிக்கொண்ட ஜனங்கள், உண்மையைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்! அவன் டங்கனைத் திரும்பிப் பார்த்தான். டங்கன் கிட்டாரின் கம்பிகளை எண்ணுகிறவன் மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ஏட்ரியன் கூரையைப் பார்த்தான்.

“சிரிக்காதீங்கடா!” என்று கத்தினான் ரஸல். குரல் உடைந்தது. “எனக்குத் தெரியாம இருந்துச்சு. அவளுக்குத் தெரியும். நான் தெரிஞ்சே திருடினேன்னு அவ இத்தனை நாளா நெனச்சுக்கிட்டிருந்தா. எங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு. நீங்க சிரிங்க.”

முன்வரிசைச் சிரிப்பு முதலில் நின்றது. பிறகு அதற்குப் பின்னால். பனி பரவுவது மாதிரி அந்த அமைதி மாடிவரை போனது. சிலர் வாயைத் திறந்தபடியே நின்றார்கள். கம்பெனிக்காரன் கையிலிருந்த பியர் குவளை சாய்ந்து தன் ஷூவில் கொட்டுவதுகூடத் தெரியாமல் நின்றான்.

ரஸல் மேடையின் ஓரத்தைப் பார்த்தான். லொரைன் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

நடந்து வந்தாள். அவனைத் தாண்டும்போது, “பேயறைஞ்ச மாதிரி நிக்காத, குச்சியைக் குடு,” என்றாள். கொடுத்தான். ஸ்டூலை ஒரு திருகு திருகித் தாழ்த்தினாள், உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“சரி, மகாராணிகளா.”

அவள் எண்ணி முடித்ததும் ‘வற்று நேரம்’ இறங்கியது. முதல் அடி விழுந்ததுமே கூட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் மாறியது. தட்டில் கேட்ட அதே அடி. இத்தனை வருஷமாக மேடையில் கேட்டது இதன் நகல் என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ரஸல் ஓரத்தில், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று கேட்டான். அவன் நல்ல நகல்தான். நகல் நகல்தான்.

மூன்றாம் சரணம் முடியப் போனது. இரண்டாயிரம் பேரும் பழக்கத்தில் கையைத் தூக்கினார்கள். தொண்டையில் “ஓய்” தயாராக இருந்தது.

லொரைன் நிறுத்தவில்லை.

குச்சி விழவில்லை, அவள் ஏன் நிறுத்துவாள்? தாளம் இடைவெளியே இல்லாமல் அந்த இடத்தை மிதித்துத் தாண்டிக்கொண்டு போனது. தூக்கின கைகள் தூக்கினபடியே நின்றன. படியில் ஒரு படி குறைந்தாற்போல மண்டபமே முன்னால் தடுக்கியது. ஏட்ரியன் பாட வேண்டிய இடத்தைத் தவறவிட்டான்.

பாட்டு முடிந்தும் யாரும் கைதட்டவில்லை. என்ன நடந்ததென்று யாருக்கும் விளங்கவில்லை. முன்வரிசையில் ஒரு தடித்த ஆள், இசைத்தட்டின் படத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்டவன், தாங்கமுடியாமல் கத்தினான்:

“ஏம்மா! அங்க நிறுத்தணும்! தப்பா வாசிக்கறே!”

லொரைன் அவனைப் பார்த்துக் குச்சியை நீட்டினாள்.

“அன்னிக்கு வாசிச்சதுதான்டா தப்பு. இன்னிக்குத்தான் சரி.”

எழுந்து ரஸலிடம் வந்தாள். வேர்த்துக் கொட்டியிருந்தது. குச்சிகளை அவன் சட்டைப்பையில் செருகினாள். “வீட்டுக்குப் போற வழியில டங்கன் கடையில ஏதாவது வாங்கிக்கலாம்,” என்றாள். “இன்னிக்கு அவன் காசு வாங்கமாட்டான்.” பிறகு அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, “உன் படுக்கையில வந்து படு. அந்தச் சின்னக் கட்டில்ல முதுகு போயிடும்,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் மண்டபம் கைதட்டத் தொடங்கியது.